புதன்கிழமைப் பெட்டி

எங்கள் லேபுக்கு வரும் கையுறைகள் எல்லாமே மீடியம் அளவுதான். நான்கு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து வாங்குகிறோம். நான்கிலும் சேர்த்துப் பார்த்தால் மீடியம் போடுகிறவர்கள்தான் அதிகம். என் கை சிறியது. விரல் நுனிகளில் அரை அங்குலம் காலியாகத் தொங்கும். சோதனைக் குழாயைத் திறக்கும்போது முதலில் வெறும் ரப்பர்தான் மூடியைத் தொடும், பிறகுதான் நான்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒருவருக்கு எழுதியிருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த அதே மாதம்தான் கூட்டுக் கொள்முதலும் தொடங்கியது. அதற்கு முன் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனித்தனியாக வாங்கித் தனித்தனியாக ஏமாந்துகொண்டிருந்தது என்பார் டாக்டரம்மா. எங்கள் லேபின் தலைவர் அவர்தான். நெஞ்சுவலி என்று வருகிறவருக்கு வந்திருப்பது மாரடைப்புதானா என்று பார்க்கும் கார்டு, ஒரு பெட்டியில் நூறு இருக்கும். எங்களுக்கு ஒரு பெட்டி ஏழு மாதம் வரும். மூன்றாவது மாதமே காலாவதியாகிவிடும். மிச்சம் குப்பைக்கு. சின்ன ஆஸ்பத்திரி என்பதால் கம்பெனிக்காரர் சொன்னதுதான் விலை.

நான்கு பேரும் சேர்ந்தபின் விலை இறங்கியது. பெட்டியை உடைத்துப் பங்குபோட்டுக்கொண்டோம். எதுவும் வீணாகவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே பொருளைத்தான் வாங்க வேண்டும். எந்தப் பஞ்சு என்று முடிவெடுக்கவே இரண்டு மாதம் ஆனது.

"ஒரு பஞ்சுக்கு எத்தனை பஞ்சாயத்து!" என்று டாக்டரம்மா போனை வைத்தார். "சேர்ந்து வாங்கறது நல்லதுதான். ஆனா நாலு பேரும் ஒரே அளவு செருப்பப் போட்டுக்கிட்டு கடிக்கலேன்னு சிரிக்கணும்."

நான்காவது ஆஸ்பத்திரி மலைமேட்டில் இருந்தது. வண்டியில் போனாலே இரண்டரை மணி நேரம், வளைந்து வளைந்து ஏறும் பாதை. அங்கே நாளில் பாதி நேரம் மின்சாரம் இருக்காது, அதனால் அவர்கள் பங்கு கார்டுகள் எங்கள் பிரிட்ஜில்தான் இருக்கும். வாரம் பத்து கார்டுகளை ஐஸ் பெட்டியில் வைத்து, சுற்றிலும் நான்கு ஐஸ் பேக் அடுக்கி, புதன்கிழமை வண்டியில் அனுப்புவேன். அங்கே அந்தப் பெட்டியிலேயே வைத்து, மின்சாரம் வரும்போது ஐஸ் பேக்குகளை உறையவைத்து, ஒரு வாரம் ஓட்டுவார்கள். எங்களிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்.

இறங்கி வரும் பெட்டியில் ஒரு சீட்டு இருக்கும்.

முதல் சீட்டு என் தவறால் வந்தது. அந்தக் காலாண்டுக்கு நான்கு லேபின் தேவைகளையும் தொகுக்கும் முறை மேட்டு லேபுடையது. நான் நாற்பது கார்டு என்று எழுத வேண்டியதைப் பெட்டிக்கான கட்டத்தில் எழுதிவிட்டேன். அதாவது நாலாயிரம் கார்டு. அடுத்த புதன்கிழமை, உருகிய ஐஸ் பேக்குகளுக்கு அடியில் ஒரு காகிதம்.

"நாற்பது பெட்டியா, நாற்பது கார்டா? பெட்டி என்றால், உங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரே நாளில் நெஞ்சுவலி வரப்போகிறதா? கார்டு என்று திருத்திவிட்டேன். வேறு யாருக்கும் தெரியாது."

கையெழுத்து சிறியதாகவும் நேராகவும் இருந்தது. நான் ‘நன்றி’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அதை எழுத மூன்று காகிதம் ஆனது.

பிறகு ஒவ்வொரு வாரமும் வந்தது. "கார்டு 10 வந்தது. பெட்டிக்குள் வெப்பம் 6. மழை." நானும் எழுதுவேன். "கார்டு 10. வெப்பம் 4. இங்கே வெயில்." முதல் இரண்டும் வேலைக்கு. மூன்றாவது யாருக்கும் தேவையில்லாதது. அந்த மூன்றாவதைத்தான் பேருந்தில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போவேன். ஒருமுறை, "மின்சாரம் வந்தது, போனது, வந்தது. இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறது" என்று இருந்தது. பேருந்தில் தனியாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

கையுறை பற்றி நான் எழுதியது ஒரு மூன்றாவது வரியில்தான். "கையுறை மீடியம். விரல் எனக்கு முன்னால் போய்விடுகிறது." அதற்குப் பதில் வரவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பெட்டிக்குள் ஒரு பழைய அட்டைப்பெட்டி இருந்தது. சிறிய அளவுக் கையுறைகள், கூட்டுக் கொள்முதலுக்கு முந்தைய இருப்பு. "பதினான்கு ஜோடி. இங்கே எல்லோருக்கும் பெரிய கை."

அந்தச் சீட்டுகளை எழுதுகிறவரை நான் பார்த்ததில்லை. குரலைக் கேட்டதும் இல்லை. வண்டிக்கார அண்ணன் அவரை மேட்டு லேப் என்றுதான் சொல்வார். நான் எதுவும் கேட்கமாட்டேன். அண்ணனாகச் சொல்வதை வேலை பார்த்துக்கொண்டே கேட்பேன்.

"மேட்டு லேப் இன்னிக்கு முடி வெட்டியிருக்காரு, தங்கச்சி. காது ரெண்டும் தனித்தனியா நிக்குது."

"ஓ."

"அந்த நீல ஸ்வெட்டர்ல இன்னும் பட்டன் தைக்கல. மூணு மாசமா சொல்றேன்."

"ஓ."

"நீ ஒரு வார்த்த, அவரு ஒரு வார்த்த. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பேசிப் பேசி எனக்குத்தான் தொண்ட வத்துது."

இரண்டு காதும், பட்டன் இல்லாத ஒரு நீல ஸ்வெட்டரும், நேரான கையெழுத்தும். பதினான்கு மாதத்தில் என்னிடம் சேர்ந்தது அவ்வளவுதான். மற்றதை நானாக நிரப்பிக்கொள்வேன். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி நிரம்பும்.

வீட்டில் அக்கா கண்டுபிடித்துவிட்டாள். "புதன்கிழமைன்னா மட்டும் என் கம்மல எதுக்குடி எடுக்கிற? உங்க ஐஸ் பெட்டிக்குக் கண்ணு இருக்கா?"

"சும்மாதான்."

"சும்மா போடறதுக்கு உன்கிட்டயே ரெண்டு ஜோடி இருக்கு. கழட்டு."

கழற்றிக் கொடுத்தேன். அடுத்த புதன்கிழமை அவளே மேசைமேல் எடுத்து வைத்திருந்தாள்.

மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை பாதையில் மண் சரிந்து வண்டி பாதியிலேயே திரும்பிவிட்டது. பெட்டி ஏறவில்லை. அதற்கடுத்த வாரம் வந்த சீட்டில் மூன்றாவது வரி இல்லை. "போன வாரம் கார்டு தீர்ந்தது. வெள்ளிக்கிழமை ஒருவர் நெஞ்சுவலி என்று வந்தார். பார்க்க வழியில்லை. கீழே அனுப்பினோம்."

நான் பத்து கார்டை வைத்து, வெப்பம் எழுதி, கீழே ஒரே வார்த்தை எழுதினேன். "அவர்?"

அந்த வாரம்தான் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார்.

"வருஷ ஒப்பந்தம் வருது. ரெண்டு கம்பெனி. நீலப் பெட்டி நாம இப்ப வாங்கறது, பிரிட்ஜ் வேணும். மஞ்சள் பெட்டி புதுசு, அலமாரியில வச்சாலே போதும். நாலு பேரும் ஒண்ணா மஞ்சளே எடுத்தா, கம்பெனிக்காரனே ஒவ்வொரு ஆஸ்பத்திரி வாசல்லயும் கொண்டுவந்து போடுவான். மூணு மாசத்துக்கு ஒரு தடவ. வேல மிச்சம்."

"ஐஸ் பெட்டி?" என்று கேட்டேன்.

"அதெதுக்கு அப்புறம்? ஆனா மஞ்சள் நீலம் அளவுக்குக் கண்டுபிடிக்குதான்னு பார்க்கணும். முப்பது சாம்பிள் வச்சிருக்கேன், எல்லாத்துக்கும் பெரிய லேப் மெஷின் ரிசல்ட் இருக்கு. ரெண்டு கார்டுலயும் போட்டுப் பாரு. நாலு லேப்லயும் நீதான் நோட்டு ஒழுங்கா எழுதறவ."

கார்டு எளிமையானது. ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை மூன்று சொட்டு விட வேண்டும். மாரடைப்பு என்றால் இரண்டு கோடு, இல்லையென்றால் ஒன்று. நீலத்தைப் பத்தாவது நிமிடத்தில் பார்க்க வேண்டும். மஞ்சளைப் பதினைந்தில். இருபதைத் தாண்டித் தெரியும் கோட்டை நம்பக் கூடாது.

நீலம் ஜெயித்தால் புதன்கிழமை இருக்கும். மஞ்சள் ஜெயித்தால் இருக்காது. இதை நினைக்காமல்தான் வேலை செய்தேன் என்று எழுத ஆசை. ஒவ்வொரு மஞ்சள் கார்டிலும் சொட்டு விடும்போது நினைத்தேன். ஆனாலும் கை ஒழுங்காகத்தான் விட்டது. பதினாறு சாம்பிள்வரை இரண்டும் மெஷின் சொன்னதையே காட்டின.

பதினேழாவது, லேசான மாரடைப்பு. கோடு மங்கலாகத்தான் வரும். அதன் மஞ்சள் கார்டில் சொட்டுவிட்டது பதினொரு மணிக்கு. நாள் புதன்கிழமை. பதினொன்று பத்துக்கு வாசலில் ஹாரன் கேட்டது.

பதினான்கு மாதமாகப் பத்து நிமிடம் பார்த்துப் பழகிய கண். கார்டைப் பார்த்தேன், ஒரே கோடு. "பார்த்த நேரம் 11.10. இல்லை" என்று எழுதிவிட்டு ஓடினேன். எங்கள் நோட்டில் பேனாவில் மட்டும்தான் எழுத வேண்டும். அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது.

வண்டிக்கார அண்ணன் அன்று எதுவும் சொல்லாமல் பெட்டியைக் கொடுத்தார். மூடியைத் திறந்தேன். சீட்டில் என் கேள்விக்குப் பதில் இருந்தது.

"பாதி வழியில்."

அதற்குமேல் கார்டு எண்ணிக்கையும் வெப்பமும் வழக்கம்போல நேரான கையெழுத்தில். ஐஸ் பேக்குகளைக் கழுவித் துடைத்து உறைவதற்கு அடுக்கிவிட்டு மேசைக்குத் திரும்பினேன். அரை மணி நேரம் ஆகியிருந்தது. பதினேழாவது மஞ்சள் கார்டில் இரண்டாவது கோடு இருந்தது. மங்கலாக, ஆனால் இருந்தது.

அரை மணிக் கோட்டை எண்ணிக்கையில் சேர்க்க முடியாது. பத்து நிமிடத்து ‘இல்லை’யையும் சேர்த்திருக்கக் கூடாது. கம்பெனி தந்தது முப்பதே முப்பது கார்டு, மறுபடி போட இன்னொன்று இல்லை. வேண்டுமென்றால் டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டும். கேட்டால் ஏன் என்பார்.

கார்டைக் குப்பையில் போட்டேன். மற்ற பதின்மூன்றையும் சரியாகப் பதினைந்தில் பார்த்தேன். அறிக்கையில் எழுதினேன்: நீலம் முப்பதுக்கு முப்பது. மஞ்சள் முப்பதுக்கு இருபத்தொன்பது.

அதில் ஒரு எண்கூடப் பொய்யில்லை. இரண்டு நாள் அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளும் தட்டில் சோறு மிச்சம் இருந்தது. அக்கா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா அறிக்கையைப் படித்தார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார்.

"ஒண்ண விட்டுடுச்சா? அப்ப மஞ்சள் வேணாம். ஒண்ணுன்னா எண்ணிக்கை இல்ல, ஒரு ஆளு." பேனாவைத் திறந்தார். "மேட்டு லேபுக்கு இப்படியே ஐஸ் பெட்டி போகட்டும்."

இப்படியே போகட்டும். பதினான்கு மாதமாக நான் ஆசைப்பட்டது அந்த இரண்டு வார்த்தைதான். கதவுவரை போனேன். கைப்பிடியைப் பிடித்தேன். ஒரு ஆளு என்றால் எனக்கு ஒருவரைத் தெரியும். முகம் தெரியாது, எங்கே உயிர் போனது என்பது தெரியும்.

"டாக்டர்."

"என்ன?"

"பதினேழாவது... நான் பத்து நிமிஷத்துல பார்த்துட்டேன். பதினஞ்சுல பார்க்கணும். அப்புறம் வந்து பார்த்தா கோடு இருந்துச்சு. ஆனா நேரம் தாண்டிடுச்சு."

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவரிடம் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

"நீயா? நோட்டக் கொண்டா."

கொண்டுவந்தேன். 11.00, 11.10. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எழுதித்தான் வச்சிருக்கே. அப்புறம் ஏன் ரெண்டு நாளா வாயத் திறக்கல?"

தரையைப் பார்த்தேன்.

"சரி, பத்துல ஏன் பார்த்தே?"

"வண்டி வந்துச்சு."

"நம்ம வாசல்ல தினமும்தான் வண்டி வருது."

"புதன்கிழமை வண்டி."

டாக்டரம்மா கண்ணாடியை முழுதாகக் கழற்றி மேசைமேல் வைத்தார். நோட்டைப் பார்த்தார், என் காதைப் பார்த்தார். அன்று வெள்ளிக்கிழமை, சொந்தக் கம்மல்தான் போட்டிருந்தேன். இருந்தாலும் காதை மூடிக்கொள்ளத் தோன்றியது.

"ஓ," என்றார். நோட்டை மூடிக்கொண்டே, "கார்டுக்கு எத்தன நிமிஷம்னு அட்டையில அச்சடிச்சிருக்கான். நீ வாயத் திறக்க எத்தன வருஷம்னு எங்க அச்சடிச்சிருக்கு?"

பிறகு அவரே கம்பெனிக்குப் போன் போட்டு மூன்று கார்டு கேட்டார்.

சனிக்கிழமை காலை வந்தன. மேட்டிலிருந்து வந்த கையுறைகளில் கடைசி ஜோடி மிச்சம் இருந்தது. எதற்காக என்று தெரியாமலே வைத்திருந்தேன். அதைப் போட்டுக்கொண்டேன். விரல் நுனிவரை நானே இருந்தேன். உறையவைத்திருந்த பதினேழாவது சாம்பிளை உருக்கி மூன்று கார்டிலும் சொட்டு விட்டேன். டாக்டரம்மா எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

பத்தாவது நிமிடம், மூன்றிலும் ஒரே கோடு. பன்னிரண்டில் ஒன்றும் இல்லை. இதுவரை நான் அந்த ஐந்து நிமிடத்தைச் சும்மா உட்கார்ந்து பார்த்ததில்லை, இடையில் வேறு வேலை செய்வேன். பதின்மூன்றில் நிழல்போல ஏதோ. கண்ணின் ஆசையோ என்று டாக்டரம்மாவைப் பார்த்தேன். எது என் ஆசை என்பதே அப்போது எனக்குக் குழம்பியிருந்தது. பதினைந்தில் மூன்று கார்டிலும் இரண்டு கோடு.

"முப்பதுக்கு முப்பது," என்றார் டாக்டரம்மா. "எழுது."

பழையதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் காரணத்தையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ‘பத்தாவது நிமிடத்தில் தவறாகப் பார்க்கப்பட்டது’ என்பது காரணம். ஹாரனை எழுதவில்லை.

மஞ்சள் கொஞ்சம் விலை கூட. மற்ற இரண்டு ஆஸ்பத்திரிகளும் முறுக்கிக்கொண்டன. எங்களிடம்தான் நல்ல பிரிட்ஜ் இருக்கிறதே, மேட்டுக்காரர்களுக்காக நாங்கள் ஏன் கூடக் கொடுக்க வேண்டும் என்றார்கள். டாக்டரம்மா போனில் பேசியது பக்கத்து அறைவரை கேட்டது.

"அவங்க வெளிய போனா எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைஞ்சா உங்க விலையும் ஏறும். கையுறையில என் பொண்ணு விட்டுக்கொடுத்தா, பஞ்சுல நான் விட்டுக்கொடுத்தேன், இப்ப உங்க முறை... என்னது? ஆமா, என் பொண்ணுதான், என் லேப் பொண்ணு!"

கையுறை பற்றி அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. விரல்களைப் பார்த்திருப்பார்.

மஞ்சள் முடிவானது. முதல் சரக்கு நேராக மேட்டுக்குப் போகும் என்று கடிதம் வந்தது. அதற்குள் தேவைப்படும் என்று கடைசியாக ஒரு பெட்டி நீலக் கார்டு அனுப்பினேன். அதில் வைக்கும் சீட்டை வீட்டில் எழுதினேன், பேருந்தில் எழுதினேன், லேபில் எழுதினேன். கடைசியில் போனது இதுதான்: "கார்டு 10. வெப்பம் 4. இனி மஞ்சள் நேரே வரும், மண் சரிந்தாலும் அலமாரியில் இருக்கும். அதைப் பதினைந்தாவது நிமிடத்தில் பார்க்கவும். பத்தில் பார்த்தால் இல்லை என்று தோன்றும்."

மூன்றாவது வரி அதில் எது என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ.

அடுத்த புதன்கிழமை வண்டி காலிப் பெட்டியை எடுத்துவர மட்டும் ஏறியது. அதோடு அந்த வழி நின்றுவிடும். காலையில் அக்கா கம்மலை எடுத்து வைத்திருந்தாள். அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். காலையிலிருந்து ஒவ்வொரு ஹாரனுக்கும் கை நின்று நின்று வேலை செய்தது. மூன்று மணிக்குத்தான் வந்தது.

"இந்தா தங்கச்சி, கடைசி மரியாத," என்று வண்டிக்கார அண்ணன் பெட்டியை மேசைமேல் வைத்தார். "எண்ணிக்கோ, கையெழுத்துப் போடு. இனி நான் டவுனுக்குள்ளயே சுத்தணும். ஒரு வளைவு கிடையாது, தூக்கம்தான் வரும்."

திறந்தேன். ஐஸ் பேக்குகளை வெளியே எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. பெட்டியைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் சீட்டு மட்டும் இருந்தது.

"மஞ்சள் வந்துவிட்டது. நேற்று ஒருவருக்குப் போட்டோம். இரண்டு கோடு. நேரத்தோடு கீழே போய்ச் சேர்ந்தார். பெட்டி 1. ஐஸ் பேக் 3. ஒன்று இங்கே."

நாற்பது பெட்டிக்கும் நாற்பது கார்டுக்கும் வித்தியாசம் பார்த்துத் திருத்திய கை அது. பதினான்கு மாதத்தில் ஒரு எண்ணும் தவறியதில்லை.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "மூணுதான் இருக்கா? அட, நான் பெட்டிய வாங்கறப்பவே கேட்டேன், கனம் குறையுதேன்னு. ‘சரியாத்தான் இருக்கு, கொண்டுபோங்க’ன்னாரு மனுஷன்." தலையைச் சொறிந்தார். "இனிமே நான் மேல போகமாட்டேனே. யாரு போயி வாங்கறது?"

நான் சீட்டை மடித்தேன். மறுபடி பிரித்தேன்.

"பஸ் இருக்கு," என்றார் அவர், நான் கேட்காமலே. "காலைல ஏழு மணிக்கு. ஞாயித்துக்கிழமயும் ஓடும். இடது பக்கம் உக்காரு, வலது பக்கம் பூரா பள்ளம். கீழ பார்த்தா உனக்குத் தல சுத்தும்."

"ஞாயித்துக்கிழமை அங்க லேப் இருக்குமா, அண்ணா?"

அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி.

"லேப் இருக்குமான்னு தெரியாது, தங்கச்சி. அவரு இருப்பாரு."

ஐஸ் பெட்டிகளுக்கான பதிவேட்டை எடுத்தேன். அனுப்பியது 4. திரும்பியது 3. வர வேண்டியது 1. அடுத்த கட்டம், பெற்று வருபவர். இத்தனை மாதமும் அதில் வண்டிக்கார அண்ணனின் கையெழுத்துதான் இருக்கும். பேனாவைத் திறந்து என் பெயரை முழுதாக எழுதினேன்.